பிழைத்தவை

இந்த ஊருக்கும் பெயர் மன்ஹாட்டன்தான்.
கான்சாஸில் இருக்கிறது.
உயரமாக என்ன இருக்கிறது என்று கேட்டால்
தானியக் கிடங்கைக் காட்டுவார்கள்,
அப்புறம் தண்ணீர்த் தொட்டியை.

இன்னொரு மன்ஹாட்டன் என் திரையில் இருக்கிறது.
மரபணுக் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.
குரோமோசோமுக்கு ஒன்றாக இருபத்தியொரு தெரு,
பெரும்பாலும் ஓட்டுவீட்டு உயரம்.
எங்காவது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்
கோபுரமாக நின்றால்
அங்கே விஷயம் இருக்கிறது.
சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ஆய்வுக்கட்டுரை.
தாண்டாவிட்டால், விசா டிசம்பரில் முடிகிறது.

கோதுமைக்கு
பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் பொல்லாதது.
பகலெல்லாம் சேர்த்ததைத்
தூங்காமல் மூச்சுவிட்டே தீர்த்துவிடும்.
அதனால் பூத்ததிலிருந்து இருபது இரவு
கூடாரத்தை மூடி, ஹீட்டர் போட்டு,
ஊரைவிட நான்கு டிகிரி கூடுதலாக
வதைக்கிறோம்.
விடிந்ததும் லைல் ஹோஸ்டெட்லர்
பக்கத்திரைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு
"மன்னிச்சுக்கோங்க" என்பார், தொப்பியைக் கழற்றி.
எனக்கா, கோதுமைக்கா, கேட்டதில்லை.

முந்நூற்று இருபது ரகம், ஆறு கூடாரம்.
ஆயிரம் மணி எண்ணி எடை போட்டதில்
ஜூலை போயிற்று.
செப்டம்பரில் ஒரு ஞாயிறு
நான்காம் குரோமோசோமில் எழுந்தது கோபுரம்.
கோட்டைத் தாண்டி, படத்தைத் தாண்டி,
அச்சையே நீட்டவேண்டி வந்தது.
நாற்காலியோடு உருண்டுவந்து பார்த்த தெஸ்ஃபாயே
"இது புள்ளியில்லை, வேலை உத்தரவு" என்றான்.
அன்றிரவு கடுகு கருகுவது தெரியாமல்
அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தேன்.

என் சமன்பாடு இப்படிப் போகும்:
விளைந்தது என்பது
நாம் செய்தது, வம்சத்தில் வந்தது,
கடைசியில் ஒரு சின்ன ஈ.
நமக்குத் தெரியாததெல்லாம் அந்த ஈ-யில் அடக்கம்.
அதன் சராசரி சுழியம் என்று வைத்துக்கொள்வோம்.
யார் பக்கமும் சாயாது என்று வைத்துக்கொள்வோம்.
பிழை என்று அதற்குப் பெயர்.

வெப்பப் பதிவில் மூன்றிரவு வெற்றாக இருந்தது.
லைலிடம் அவருடைய நோட்டைக் கேட்டேன்.
சட்டைப்பை அளவு, எண்ணெய்க் கறை.
"மே 17. மூணாம் கூடாரம். எலி வயரைக் கடிச்சிருக்கு.
மூணு ராத்திரி ஹீட்டர் இல்லை.
புது வயர் பதினாலு டாலர்."

மூன்றாம் கூடாரத்தில் யார் இருந்தார்கள்?
மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில்
பெட்டியில் இருந்த வரிசைப்படியே விதைத்திருந்தேன்.
நான்தான்.
ஒரே கலப்பில் பிறந்த ஐம்பத்திரண்டு உடன்பிறப்பும்
ஒரே கூரையின் கீழ்.
வெப்பம் தாங்கும் குடும்பம் என்று நான் கொண்டாடியது
மூன்றிரவு நிம்மதியாகத் தூங்கிய குடும்பம்.

ஈ-க்குள் ஓர் எலி குடியிருந்திருக்கிறது.

நோட்டுக்கு நகல் கிடையாது.
அதைக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும்
இங்கே எழுதவேண்டும்.
பிறகு 'கூடாரம்' என்றொரு பத்தியைச் சேர்த்து
மறுபடி ஓடவிட்டேன். நாற்பது நிமிடம்.
புள்ளிகள் படி இறங்கி
ஊரோடு கலந்துவிட்டன.
திரையிலும் இப்போது கான்சாஸ்.
ஏழாம் தெருவில் மட்டும் ஒரு மாடிவீடு,
கோட்டுக்கு நன்றாகக் கீழே.

பிழைத்தல் என்றால் எங்கள் மொழியில்
தவறுவது, உயிரோடிருப்பது, இரண்டும்,
என்றேன் தெஸ்ஃபாயேவிடம்.
அவன் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்லாம்.
"வசதிதான்" என்றான். யாருக்கு என்று சொல்லவில்லை.

அக்டோபரில் கொட்டகைத் தரையெங்கும்
விதை உறைகளைப் பரப்பினோம், குலுக்கிப்போட.
பகடை உருட்டுவது எங்கள் சபையில் தப்பு,
கணினி உருட்டினால் பரவாயில்லை,
என்று லைல் முழங்காலிட்டு
எண்களைப் படிக்கப் படிக்க எடுத்துக் கொடுத்தார்.

பழைய நோட்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.
புதிதின் முதல் பக்கத்தில்
தேதி, அதன் கீழே:
காற்று வடக்கு. மண் ஈரம்.
எலி, ஒன்று.